ஞமலியைத் தெருவில் விட்டோம்

என் அக்கா புருஷனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுகிற பேர்கள் வேறே. அவற்றை எழுதினால் காகிதம் கருகிவிடும். அந்த மனுஷனின் மூக்கை நானும் அக்காவும் சேர்ந்து எப்படி உடைத்தோம் என்று சொல்கிறேன். செய்தது நியாயமா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பார்க்கிற டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை அவள் கவுன்டருக்குப் பின்னால் தடித்தடியான பழைய அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். சிலர் நகை சேர்ப்பார்கள், சிலர் பாத்திரம் சேர்ப்பார்கள். இவள் வார்த்தை சேர்த்தாள். யாரும் பேசாத, யாரும் எழுதாத, தூசி படிந்து கிடக்கிற வார்த்தை. அப்படி ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு அவள் நடையே மாறிவிடும். வேலை முடிந்ததும் நேரே என் பார்லருக்கு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு ஆரம்பித்துவிடும்.

"ஏய், காலையிலேர்ந்து முடி வெட்டறியே, ஆம்பளை முடிக்குன்னே தனியா எத்தனை பேர் இருக்கு தெரியுமா? பித்தை, பங்கி, குஞ்சி, ஓரி!"

"இத்தனை பேரா? பாதிப் பேருக்கு மண்டையில ஒண்ணுமே இல்லையேக்கா."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பெண்கள் பார்லரில் ஆண்கள் முடியைப் பற்றி என்ன பேச்சு என்று நாற்காலியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். ஒருநாள் "முருந்து" என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். மயிலிறகின் அடியில் வெள்ளையாக ஒரு குருத்து இருக்குமே, அதுதான்.

"இத்துணூண்டு இடம். அதுக்குப்போய் ஒருத்தன் பேர் வச்சிருக்கான் பாரேன். எவ்வளவு பொறுமையா உத்துப் பாத்திருப்பான்!" என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அந்தப் பைத்தியத்துக்கு.

எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றியது. பிடரிக்கு எருத்தம் என்று பேர், கன்னத்துக்குக் கவுள் என்று பேர். வாடிக்கையாளர் தலையைக் குனியவைத்துப் பின்கழுத்தில் மெஷின் ஓட்டும்போது "எருத்தம், எருத்தம்" என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாமல் சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம். அந்த அம்மாளின் கழுத்துக்கு அப்படி ஒரு பேர் இருப்பது அவளுக்கே தெரியாதே!

எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் ஒருமுறை 'அருஞ்சொல் அவை' கூடும். படித்தவர்கள்தான், படித்ததை மறந்தவர்களும்கூட. அங்கே சுவர் முழுக்க ஒரு கரும்பலகை. மேலே உறுப்பினர் பேர்கள், கீழே அவரவர் சொற்கள். ஒருவர் கொண்டுவருகிற சொல் அங்கே இருக்கிற வேறு யாருக்கும் தெரியாவிட்டால் அது அவர் பேருக்குக் கீழே ஏறும். அப்புறம் அது அவருடைய சொத்து. மற்றவர்கள் அதைச் சொல்ல நேர்ந்தால் அவர் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். வரிசை நிறைந்தால் தலைவர் நாற்காலி, அதுவும் ஆயுளுக்கு.

ஏறின சொல் இறங்குவதற்கும் ஒரு விதி உண்டு. அவையில் இல்லாத ஒருவர், எதையும் பார்த்துப் படிக்காமல், தன் சொந்தக் காரியத்துக்காக அந்தச் சொல்லைப் பேசி, அதை உறுப்பினர் ஒருவர் தன் காதால் கேட்டுவிட்டால் அது அருஞ்சொல் இல்லை, அழித்துவிடவேண்டும். வரிசை காலியானால் நாற்காலி மட்டும் இல்லை, அவையில் அவர் இடமும் போய்விடும். ஊரில் எவன் அந்த மாதிரிப் பேசப்போகிறான்? அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது.

குடும்பத்துக்கு ஓர் இடம்தான் என்று இன்னொரு விதி. எங்கள் குடும்பத்து இடத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு ஆபீசில் அதிகாரியாக இருந்தவர். அகராதியைத் தலைக்கு வைத்துத் தூங்கத்தான் லாயக்கு. ஆரம்பத்தில் அக்காவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "எடுத்த எடுப்புல பொம்பளைக்கு இடம் குடுக்க மாட்டாங்கம்மா. நான் உன் சொல்லைக் கொண்டுபோய் இடம் புடிச்சு வைக்கிறேன். வரிசை நிறையட்டும், நான் எழுந்துக்கறேன், நீ உக்காரு." இவளும் நம்பினாள். வருஷக்கணக்காகத் தன் சொற்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கொண்டுபோய்த் தன் பேரில் ஏற்றினார்.

வரிசை நிறைந்தது. விழா எடுத்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் காலையில் என் பார்லர் கண்ணாடி முன்னால் நின்று, நாற்காலியில் உட்காரச் சொன்னதும் என்ன பேசுவது என்று பழகிவிட்டு வந்தாள். பார்வையாளர்களுக்கு உள்ள பின்வரிசையில், என் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அத்தான் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கேக்கறாங்க, இவ்வளவு சொல்லை எங்க சார் புடிக்கிறீங்கன்னு. தூக்கத்தை விட்டுத் தேடறேன், வேறென்ன? வீட்டுல நமக்கு யாரு துணை? என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்ச ஒரே அருஞ்சொல் 'சரிங்க'. அதுவும் அவ வாயிலேர்ந்து அபூர்வமாத்தான் வரும்!"

கூடமே குலுங்கியது. அவர் ஆயுள் தலைவர் நாற்காலியில் அழுந்த உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்து போய் அந்தப் பங்கியைப் பிடித்து உலுக்கலாம் என்றால் அங்கே பிடிக்கிற அளவுக்கு முடி இல்லை. அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து முடியை நனைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, அந்தச் சொல்லையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்துட்டா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லார் வாயிலயும் வந்துட்டா பலகையிலேர்ந்து அழிச்சுடுவாங்கல்ல? அந்த ஆளுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"எனக்கு மட்டும் மிஞ்சுமாடி? எல்லாம் நான் தேடினது. கண்டவங்களும் பேசினா அப்புறம் அதுல என்ன ருசி இருக்கு?"

"அதுவும் சரிதான். அப்ப விடு. அந்த ஆளு ஆயுசு முழுக்க உன் சொல்லுமேல உக்காந்துக்கட்டும்."

நான் வாரிவிட்டேன், வெட்டினேன், வாரிவிட்டேன். எல்லாம் முடிந்து, தோளில் போட்டிருந்த துணியை உதறும்போது அக்கா சொன்னாள்: "முதல்ல ஞமலியைத் தெருவுல விடு."

ஞமலி என்றால் நாய். என் வாடிக்கை டீச்சரம்மா ஒருத்தி, பக்கத்து வீட்டு நாய் செருப்பைக் கடித்துவிட்டது என்று வாரம் தவறாமல் புலம்புவாள். "டீச்சர், அதைப்போய் நாய்ங்கறீங்களே! நாய்க்கு ஒரு மரியாதை இருக்கு. அது ஞமலி," என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை அப்படியே பல்லில் ஒட்டிக்கொண்டது. அந்த வாரமே தெருவில் சண்டை. "உன் ஞமலியைக் கட்டிப்போடு!" "யாரைப் பாத்து ஞமலிங்கறே?" என்று இரண்டு வீட்டுக்காரர்களும் கத்த, தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. மறுநாள் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஞமலி என்று விரட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. திட்டுவதற்கு உதவுகிற வார்த்தைக்கு உடனே கால் முளைத்துவிடுகிறது. அடுத்ததாக 'இவறல்' என்பதை எடுத்தேன். கஞ்சத்தனம் என்று பொருள். வாடகை வீட்டில் இருக்கிற என் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் வீட்டுக்காரரைச் சொல்ல அது தேவைப்பட்டது. "எங்க வீட்டுக்காரர் சரியான இவறல்ங்க, பல்பு மாத்தக்கூட மாட்டேங்கறார்." அது பறந்தது. எருத்தத்தையும் கவுளையும் கத்தரிக்கோலும் பவுடருமாக நானே ஒவ்வொரு கழுத்திலும் கன்னத்திலும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பஸ் கண்டக்டரின் மனைவி என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வாள். அவள் மூலமாக 'துமி' பஸ் ஏறியது. தூறலைவிட நுண்ணிய துளி. "துமி அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்கம்மா!" என்று அந்த மனுஷன் கூவ, பஸ்ஸே கற்றுக்கொண்டது.

அக்கா சும்மா இருந்தாளா? வாசிக்கிற கண்ணாடி வாங்க வருபவர்களிடம் சின்ன எழுத்து அச்சடித்த ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது கடை வழக்கம். பழைய அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அச்சடித்தாள். 'துமி விழுந்தது. மதில்மேல் வெருகு நனைந்தது. ஞிமிறு காதருகே இரைந்தது.' படித்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து, "வெருகுன்னா என்னங்க?" என்றார்கள். "ஆம்பளைப் பூனை. திருட்டுப் பார்வை பாக்கும், எடுத்துத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கும்," என்று அக்கா விளக்கம் சொல்வாள். ஞிமிறு என்றால் தேனீ என்பதையும் சேர்த்துச் சொல்வாள். புதுக் கண்ணாடியோடு புது வார்த்தையும் வீட்டுக்குப் போயிற்று. அவளுக்கு இது பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்னைவிட அவளுக்குத்தான் வெறி.

அவையின் செயலாளர் மருந்துக்கடைக்காரர். விதி என்றால் விதி என்கிற ஆள். பெற்ற பிள்ளைக்கும் பில் போடுவார். ஊரில் எல்லாரும் அவர் கடைக்குத்தானே போகவேண்டும்? ஒருநாள் ஒருத்தர் போய், "எருத்தம் புடிச்சுக்கிச்சு சார், தைலம் ஏதாவது குடுங்க," என்றாராம். மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்துவிட்டது. பின்னாலேயே ஒரு அம்மா, "பிள்ளைக்குக் கவுள் வீங்கியிருக்கு," என்று வந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் அக்காவும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம். மருந்துக்கடைக்காரர் எழுந்து, யாரிடம், எங்கே கேட்டேன் என்று விவரமாகச் சொல்லி, டஸ்டரை எடுத்து அத்தான் வரிசையில் ஆரம்பித்தார். ஞமலி போயிற்று. எருத்தம் போயிற்று. கவுள் போயிற்று. ஒவ்வொன்று அழியும்போதும் என் வயிறு குளிர்ந்தது. அக்கா மட்டும் சொல்லுக்குச் சொல் கண்ணைச் சிமிட்டினாள்; அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் என் கையை அழுத்தி, "நல்லா தேய்க்கச் சொல்லுடி, ஞ இன்னும் தெரியுது," என்றாள்.

அத்தான் முதலில் சிரித்து மழுப்பினார். மாதங்கள் போகப் போகச் சிரிப்பு நின்றது. நாற்காலிமேல் கண்ணாக இருந்த வக்கீல் ஒருவர்தான் காசு கொடுத்து ஆள் வைத்துப் பரப்புகிறார் என்று அவரோடு சண்டை போட்டார். பஸ்ஸில் ஏறமாட்டார். தெருவில் நடந்தால் காதில் பஞ்சு. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் போய், "அப்படிச் சொல்லாதீங்கடா!" என்று கத்துவார். அவர் தலையைக் கண்டாலே பிள்ளைகள் "ஞமலி, ஞமலி" என்றார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர் வாங்கி வந்த வரம்.

வீட்டில் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "புதுசா ஏதாவது சொல்லேம்மா. ரெண்டு மூணு இருந்தாக்கூடப் போதும்."

"எனக்குத் தெரிஞ்சது 'சரிங்க' ஒண்ணுதானே?" என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

"அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது."

"சரிங்க."

இதை அவள் வந்து என்னிடம் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. முருந்து ஒன்றுதான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. மயிலிறகுக்கு ஊரில் யாருக்கு என்ன வேலை? கடைசியில் டீச்சரம்மாவின் பள்ளி நாடகத்துக்கு மயிலிறகுக் கிரீடம் செய்கிறார்கள் என்று தெரிந்து, அக்காவே போய் உதவி செய்து, "முருந்துப் பக்கம் பசை தடவுங்க" என்று பழக்கிவிட்டாள். முருந்தில் தடவின பசை பட்டுக் கை அரிக்கிறது என்று ஒரு அம்மா மருந்துக்கடையில் போய்ச் சொன்னாள். அந்தச் சொல்லுக்குக் கண் கலங்கினவள்தான். அதை அழித்த அன்றைக்கு அக்கா கூட்டம் முடியுமுன்பே எழுந்து படியிறங்கிவிட்டாள்.

பலகையில் கடைசியாக ஒன்றே ஒன்று நின்றது. துனி.

"இதையும் விட்டுடலாமாக்கா? இதுக்கு என்ன அர்த்தம்?"

"அதை நீ தொடாதே," என்றாள். குரலில் ஒரு வெட்டு. அப்புறம் அவளே சொன்னாள். கல்யாணமான புதுசில் இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம். இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கோபமா, கோபமா என்று கெஞ்சியிருக்கிறார். "இது ஊடல்ங்க, கெஞ்சினா போயிடும். கெஞ்சியும் போகாம முத்திப்போச்சுன்னா அதுக்குப் பேர் துனி. நமக்குள்ள அது வரவேண்டாம்," என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவரும் வராது என்று கையடித்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் கொண்டுபோய்ப் பலகையில் ஏற்றினார். அவர் ஏற்றின முதல் சொல்லே அதுதான்.

"படுக்கையில சொன்னதையா? உனக்குக் கோபம் வரலையா?"

"பெருமையா இருந்துச்சுடி. நான் சொன்னதை ஞாபகம் வச்சிருக்காரேன்னு." சொல்லிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த கூட்டத்துக்கு என்றுமில்லாத கூட்டம். நாற்காலி போகுமா, நிற்குமா என்று பார்க்க நின்றுகொண்டே இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து, இந்த மாதம் தன் காதில் எதுவும் விழவில்லை என்றார். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"சொன்னேன்ல? இந்த ஒரு சொல்லை எவனாலயும் அசைக்க முடியாது. ஊர்ல எவன் பேசப்போறான் இதை?" பின்வரிசையில் அக்காவைப் பார்த்துவிட்டார். பழைய குஷி வந்துவிட்டது. "என்ன, எனக்கு வீட்டுல ஆதரவுதான் குறைச்சல். என் வீட்டுக்காரி கொஞ்ச நாளா முகம் குடுத்தே பேசறதில்லை. இந்த வயசுல ஊடல் பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கே தெரியாது.

"ஊடல் இல்லைங்க," என்றாள். உரக்கச் சொல்லவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். "ஊடல்னா நீங்க கெஞ்சினா போயிடும். இது போகாது. என் துணிமணியெல்லாம் காலையிலேயே தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுட்டேன். உங்கமேல எனக்கு வந்திருக்கறது துனி."

துணிமணி விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. மருந்துக்கடைக்காரர் மெதுவாக எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நீங்க அவை உறுப்பினர் இல்லை."

"இல்லைங்க. குடும்பத்துக்கு ஒரு இடம்தானே?"

"எதையும் பாத்துப் படிக்கலை."

"இல்லை."

"உங்க சொந்தக் காரியமாத்தான் சொன்னீங்க?"

"இதைவிடச் சொந்தமா எனக்கு என்ன இருக்கு?"

அவர் டஸ்டரை எடுத்தார். அத்தான் குறுக்கே போய் நின்றார். மருந்துக்கடைக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் அழித்தார். பேருக்குக் கீழே வெறும் கறுப்பு.

அத்தான் நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். வேர்த்து ஊற்றியது. சரி, இப்போதாவது மன்னிப்புக் கேட்கப்போகிறார், வீட்டுக்கு வா என்று கூப்பிடப்போகிறார், இவள் உருகிவிடுவாளே என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி போயிடும்மா. ஒண்ணே ஒண்ணு... ஒரே ஒரு சொல் குடுத்துட்டுப் போயேன்."

அக்கா கையை உருவிக்கொண்டு படியிறங்கினாள். எங்கள் பின்னால் மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, "அம்மா, அந்த இடத்துல இனி நீங்களே உக்காரலாம், விதி இடம் குடுக்குது," என்றார். "பலகையில எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அவள்.

தெருவுக்கு வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆள் மூஞ்சி போன போக்கை நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"நிஜமாவே ஒண்ணும் மிச்சமில்லையாக்கா?"

"இருக்கே. போன வாரம் ஒண்ணு கிடைச்சுது. இதுவரைக்கும் கிடைச்சதுலயே அதுதான் உசத்தி."

"அடி கள்ளி! என்னது? சொல்லு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டயுமா?"

"உங்கிட்டயும்தான்," என்றாள். கோபம் இல்லை, கொஞ்சல் இல்லை, விலை சொல்கிற மாதிரி ஒரு குரல். "இனிமே யார்கிட்டயும் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனையையும் ஊர் வாயில் போட்டது நான்தானே என்று சொல்லவந்தேன், அவளுக்காகத்தானே என்று சொல்லவந்தேன், சொல்லவில்லை. அவள் முன்னால் நடந்தாள். எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன்; அசைவதை நிறுத்திக்கொண்டாள்.